வேலிக் கம்பியில் பேசிய உழவர்கள்

1920-இல் அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கோடு பண்ணைக் கணக்கும் எடுத்தார்கள். நூறு பண்ணைகளில் ஏறத்தாழ 39 பண்ணைகளில் தொலைபேசி இருந்தது. பட்டணம், கிராமம் எல்லாம் சேர்த்து நாடு முழுக்கப் பார்த்தால் நூறு வீட்டுக்கு 35தான். அதாவது பட்டணத்துக்காரனைவிட உழவன் வீட்டில் தொலைபேசி அதிகம். அயோவா மாநிலத்தில் பத்துப் பண்ணைக்கு எட்டுக்கு மேல் இருந்தது. இத்தனைக்கும் அன்றைக்கு அந்த நாட்டுப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குக்கூட மின்விளக்கு கிடையாது. வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் வந்ததும் பத்தில் ஒன்றுக்குத்தான்.

இருபது வருசம் கழித்து 1940-இல் மறுபடி எண்ணிப் பார்த்தால் நூற்றுக்கு 25. கையில் இருந்ததைத் தொலைத்துவிட்டார்கள்.

இயற்கை வேளாண்மை இதழில் அமெரிக்க டெலிபோன் கதை எதுக்குய்யா என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. அந்த 39-இல் பெரும்பகுதியை எந்தக் கம்பெனியும் கொண்டுவந்து கொடுக்கவில்லை, அரசாங்கமும் கொடுக்கவில்லை. உழவர்கள் தாங்களே கம்பம் நட்டு, கம்பி இழுத்துக் கட்டியது. கூட்டாக ஒன்றைக் கட்டி எழுப்புவது எப்படி, கட்டியது ஏன் கலைகிறது என்கிற இரண்டு கேள்விக்கும் இதில் பதில் கிடைக்கிறது. நம்ம இயக்கத்திலும் இப்போது ஊருக்கு ஊர் உற்பத்தியாளர் குழு, கூட்டுச் செக்கு, விதை வங்கி என்று ஆரம்பித்திருக்கிறோம் இல்லையா?

அலெக்சாண்டர் கிரகாம் பெல்லுக்குத் தொலைபேசிக் காப்புரிமை கிடைத்தது 1876 மார்ச்சில். அடுத்த முக்கியமான காப்புரிமை 1877 ஜனவரியில். அந்த நாட்டில் அப்போது காப்புரிமைக்கு 17 ஆண்டு ஆயுள். அந்தப் பதினேழு வருசமும் பெல் கம்பெனி மட்டும்தான் தொலைபேசி நடத்த முடியும். அவர்கள் போனது நகரத்துக்கு, வியாபாரிகளிடம். கிராமத்துப் பக்கம் திரும்பவே இல்லை.

அவர்கள் கணக்கைப் பார்த்தால் அதுவும் புரியும். 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியேறிய உழவருக்குக் கிடைத்தது 160 ஏக்கர். சதுரமாக வைத்தால் ஒரு பக்கம் அரை மைல். ஒவ்வொருவரும் தன் காட்டிலேயே வீடு கட்டிக் குடியிருந்தார்கள். நம்ம மாதிரி ஊர் நத்தத்தில் நெருக்கியடித்து வீடு கிடையாது. அடுத்த வீடு என்றால் அரை மைல், ஒரு மைல். ஒரே ஒரு சந்தாக்காரருக்காக அத்தனை கம்பம், அத்தனை கம்பி. எந்தக் கம்பெனி போடும்?

1893-இலும் 1894-இலும் அந்த இரண்டு காப்புரிமையும் முடிந்தன. பூட்டு திறந்த மாதிரி ஆகிவிட்டது. யார் வேண்டுமானாலும் தொலைபேசி செய்யலாம், விற்கலாம். ஸ்ட்ராம்பெர்க் கார்ல்சன், கெல்லாக் என்று சிகாகோவில் புதுக் கம்பெனிகள் வந்தன. விதை, கலப்பை, தையல் மிஷின் விற்ற அதே அஞ்சல்வழிக் கடைகளின் பட்டியல் புத்தகத்தில் தொலைபேசிப் பெட்டியும் வந்தது. உழவருக்கென்றே கையேடு அச்சடித்துக் கொடுத்தார்கள்: கம்பம் எப்படி நடுவது, கம்பி எப்படி இழுப்பது, சங்கம் எப்படி வைப்பது. பத்துப் பதினைந்து வருசத்துக்குள் அந்த நாட்டுத் தொலைபேசிகளில் ஏறத்தாழ பாதி பெல் கம்பெனிக்கு வெளியே இருந்தன.

மேற்கே கால்நடைப் பண்ணைகளில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். முள்கம்பிக்கு ஜோசப் கிளிடன் என்கிற உழவர் 1874-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அது வந்த இருபது வருசத்தில் மைல் கணக்கில் வேலி போட்டாச்சு. இரும்புக் கம்பிதானே, மின்சாரம் போகாதா? மேல் கம்பியில் ஒரு பக்கம் இந்தப் பெட்டி, அந்தப் பக்கம் இன்னொரு பெட்டி. பேசிவிட்டார்கள்! டெக்சாஸில் எக்ஸ்.ஐ.டி. என்ற மிகப்பெரிய பண்ணையில் வேலிக் கம்பியிலேயே கூடாரத்துக்குக் கூடாரம் பேசினார்கள்.

சோலார் வேலி போட்டவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் சொல்லாமலே தெரியும். கம்பி நேராக மரக் கம்பத்தில் பட்டால் மழையில் மின்சாரம் கம்பம் வழியாகத் தரைக்குப் போய்விடும். நாம் பிளாஸ்டிக் இன்சுலேட்டர் போடுகிறோம். அவர்கள் உடைந்த பாட்டிலின் கழுத்தைச் செருகினார்கள். அது கிடைக்காதவன் தோல் வார் சுற்றினான். மாட்டுக் கொம்பும், மக்காச்சோளக் கட்டையும்கூட உதவியது. கேட் வருகிற இடத்தில் இரண்டு பக்கமும் உயரமான கம்பம் நட்டு, கம்பியை மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். நல்ல மழை அடித்தால் பேச்சு நின்றுவிடும். மாடு வேலியில் முதுகு உரசினாலும் கரகரக்கும். அடுத்த நாள் குதிரையேறிப் போய் எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். வேலி பார்க்கப் போகிறவன் எப்படியும் போகத்தானே வேண்டும், இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்தது.

மற்ற இடங்களில் முறையாகக் கம்பம் நட்டுத்தான் போட்டார்கள். சுவரில் மாட்டுகிற மரப்பெட்டி, அதற்குள் இரண்டு பசை பேட்டரி, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. பேசுவதற்கு பேட்டரி. மணி அடிப்பதற்குக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். உள்ளே சின்ன டைனமோ. கம்பி ஒன்றுதான், திரும்பி வருகிற பாதை பூமி. வீட்டுக்கு வெளியே ஈர மண்ணில் ஒரு இரும்புக் குச்சி அடித்து எர்த் கொடுத்தால் போதும். கோடையில் மண் காய்ந்தால் அந்தக் குச்சிக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். நம்ம மோட்டார் கொட்டகையில் செய்கிற அதே வேலை.

ஒரே கம்பியில் பத்து வீடு, சில இடத்தில் இருபது வீடு. யாருக்கு அழைப்பு என்பதை மணியின் நீளத்தால் சொன்னார்கள். ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் ஒரு வீடு. மூன்று குட்டை என்றால் இன்னொரு வீடு. மணி எல்லார் வீட்டிலும் அடிக்கும். தனக்கு இல்லாத மணி அடித்தாலும் மெதுவாக எடுத்துக் காதில் வைப்பது பெரிய பொழுதுபோக்கு. சங்க விதிகளில் ஒட்டுக்கேட்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள், யாரும் மதிக்கவில்லை. ஆனால் இதில் ஒரு நிஜமான தொந்தரவு உண்டு. எத்தனை பேர் எடுக்கிறார்களோ அத்தனை பங்காக மின்னோட்டம் பிரியும். ஐந்தாறு வீட்டில் எடுத்துவிட்டால் பேசுகிறவருக்குக் குரலே கேட்காது. "எல்லாரும் வைங்கம்மா, டாக்டர் என்ன சொல்றார்னு எனக்குக் கேட்கணும்" என்று நடுவில் கத்த வேண்டியதுதான்.

வீடு பார்க்காமல் எல்லாருக்கும் ஒன்றாக அடிக்கிற மணி ஒன்று உண்டு. விடாமல் நீளமாக அடித்தால் பொது அழைப்பு. தீப்பிடித்தது, பிள்ளையைக் காணோம், வெள்ளம் வருகிறது. அக்கம்பக்கத்து வண்டியெல்லாம் கிளம்பிவிடும். அவசரம் இல்லாத பொது அழைப்பும் தினம் ஒரு நேரத்தில் உண்டு. அன்றைய வானிலை, சந்தை விலை, சரியான மணி என்ன என்பதைச் சொல்வார்கள். வைக்கோல் அறுத்துப் போட்டவனுக்கு நாளைக்கு மழை வருமா என்று தெரிவது எவ்வளவு பெரிய விசயம்! கோதுமையை வண்டியில் ஏற்றி பத்து மைல் போன பிறகு "இன்னைக்கு விலை இவ்வளவுதான்" என்று வியாபாரி சொன்னால் திருப்பியா ஓட்டிக்கொண்டு வர முடியும்? மண்டிக்குப் போன யாருக்கும் இது விளக்கத் தேவையில்லை. வீட்டிலிருந்தே இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டுவிட்டு வண்டி பூட்டியதுதான் தொலைபேசி தந்த முதல் லாபம். வங்கியில் இருந்தபோது விவசாயக் கடன் மனுவில் எந்த வருமானத்தை எழுதினாலும் 'விற்கும்போது பேரம் பேசும் பலம்' என்று ஒரு வரி எழுத இடம் இருந்ததில்லை. உண்மையில் பாதி வருமானம் அங்கேதான் இருக்கிறது.

பெண்களுக்கு அது வேறு மாதிரி உதவியது. அரை மைலுக்கு ஒரு வீடு, குளிர்காலத்தில் இடுப்பளவு பனி, வாரக் கணக்கில் வேற்று மனிதர் முகம் பார்க்க முடியாது. 1908-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் கிராம வாழ்க்கையை ஆராய ஒரு குழு போட்டார். பண்ணைப் பெண்களின் வேலைச் சுமை, தனிமை பற்றி அந்தக் குழு அடுத்த ஆண்டே எழுதியது. அதற்குத் தலைவராக இருந்தவர் லிபர்ட்டி ஹைட் பெய்லி, தோட்டக்கலை அறிஞர். நம் வாசகர்களுக்கு இவர் முழுக்க அந்நியர் இல்லை. சீனா, கொரியா, ஜப்பான் உழவர்கள் நாலாயிரம் வருசமாக மண்ணைக் கெடுக்காமல் விளைவித்ததைப் பற்றி ஃபிராங்க்ளின் கிங் எழுதி 1911-இல் வந்த புத்தகத்துக்கு முன்னுரை எழுதியவர் இவர்தான். மண்வளமும் மனிதத் தொடர்பும் இரண்டு வேறு துறை என்று அன்றைய நல்ல அறிஞர்கள் நினைக்கவில்லை என்பது என் கணிப்பு.

சரி, எப்படிக் கட்டினார்கள்?

பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ பத்துப் பன்னிரண்டு குடும்பம் கூடும். தலைவர், செயலர், பொருளாளர். பெட்டியை அவரவர் காசில் வாங்க வேண்டும். கம்பம் அவரவர் மரக்காட்டில் வெட்ட வேண்டும். குழி தோண்டுவது, நடுவது எல்லாம் உடலுழைப்பு. கம்பிக்கும் சில்லறைச் சாமானுக்கும் மட்டும் காசு வசூல். அவரவர் நிலத்தை ஒட்டிய கம்பியை அவரவரே பராமரிக்க வேண்டும். நம்ம குடிமராமத்தில் வாய்க்காலை அளந்து பங்கு பிரித்து வெட்டிவிடுவோமே, அதே முறை. ஊரின் கம்பியைப் பக்கத்து டவுன் இணைப்பகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வீட்டுக்கு ஆண்டுக்குச் சில டாலர் கட்டணம். அந்த இணைப்பகமும் பல இடத்தில் ஒரு வீட்டின் முன்னறைதான். மனைவியும் மகளும் பலகை முன் உட்கார்ந்து இணைப்புக் கொடுப்பார்கள், கணவன் ஏணியும் கொறடும் தூக்கிக்கொண்டு பழுது பார்ப்பான். டாக்டர் இப்போது எந்த வீட்டில் இருக்கிறார் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.

அவருக்கு அந்த அளவு அதிகாரமும் இருந்தது. கான்சாஸ் சிட்டியில் ஸ்ட்ரோஜர் என்று சவ அடக்கத் தொழில் செய்தவர் ஒருவர். தனக்கு வர வேண்டிய அழைப்பையெல்லாம் இணைப்பகப் பெண் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறாள், ஏனென்றால் அவள் போட்டியாளரின் மனைவி என்று அவர் சந்தேகப்பட்டதாகச் சொல்வார்கள். ஆத்திரத்தில் ஆளே இல்லாமல் இணைப்புக் கொடுக்கிற எந்திரத்தைக் கண்டுபிடித்து 1891-இல் காப்புரிமை வாங்கிவிட்டார். எண் சுழற்றுகிற தொலைபேசிக்கு மூலம் அதுதான். 1892-இல் இந்தியானா மாநிலத்தில் லா போர்ட் என்ற ஊரில் முதல் தானியங்கி இணைப்பகம் வந்தது. அடுத்த எண்பது, தொண்ணூறு வருசம் உலகம் முழுக்க இந்த எந்திரம் ஓடியது. நம் ஊர் எக்ஸ்சேஞ்சுகளில் 'டக் டக்' என்று சத்தம் கேட்குமே, அதுவும் இந்த வம்சம்தான்.

இதற்கிடையில் பெரிய கம்பெனி சும்மா இருக்கவில்லை. தொலைதூரக் கம்பி எல்லாம் அவர்கள் கையில். உழவர் சங்கங்களையும் சின்னக் கம்பெனிகளையும் அதில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். பக்கத்து வீட்டோடு பேசலாம், சிகாகோவோடு பேச முடியாது. பல ஊர்களில் கடைக்காரர்கள் இரண்டு தொலைபேசி வைத்திருந்தார்கள், ஒன்று அந்தக் கம்பெனிக்கு, ஒன்று இந்தக் கம்பெனிக்கு. 1913 டிசம்பரில் அரசாங்கம் வழக்குப் போடும் என்ற நிலை வந்த பிறகுதான் மற்றவர்களையும் இணைக்கிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

இப்படியெல்லாம் வந்ததுதான் அந்த 39. பிறகு ஏன் 25 ஆனது?

முதல் உலகப்போர் முடிந்ததும் விளைபொருள் விலை சரிந்தது. 1920-21-இல் கோதுமை, மக்காச்சோளம் எல்லாம் பாதிக்குக் கீழே போனது. 1929-க்குப் பிறகு பெருமந்தம். காசு இல்லாதபோது முதலில் நிறுத்துவது மாதச் சந்தாதான். ஆனால் விலை வீழ்ச்சி மட்டும் காரணம் என்றால், கார் வைத்திருந்த உழவர்கள் அதே காலத்தில் ஏறியிருக்கக் கூடாது. 1920-இல் நூற்றுக்கு 31 பண்ணையில் கார், 1930-இல் 58. கார் வாங்கினார்கள், தொலைபேசியைக் கழற்றினார்கள். காரில் டவுனுக்குப் போய்விடலாம். வானிலையும் சந்தை விலையும் வானொலியில் வந்துவிட்டது. அதைவிட முக்கியம், தொலைபேசி கெட்டுப்போய்விட்டது. பேசினால் கேட்கவில்லை.

இந்த இடத்தில் என் பழைய உத்தியோக புத்தி விழித்துக்கொள்கிறது. சங்கங்கள் சந்தாவை ரொம்பக் குறைவாக வைத்தன. உழைப்பு இலவசம், கம்பம் இலவசம், அதனால் செலவே இல்லை என்று நினைத்தார்கள். செலவு இருந்தது. கம்பத்தின் அடி மண்ணுக்குள் மக்கிக்கொண்டிருந்தது. கம்பி துருவேறியது. பேட்டரி தீர்ந்தது. பெட்டி பழசானது. இதற்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கி வைக்கவில்லை. பொருளாளர் நோட்டில் வரவு, செலவு, கையிருப்பு மூன்றும் சரியாக இருக்கும். தேய்மானம் என்ற பத்தியே இருக்காது. கட்டியவர்கள் வாலிபர்களாக இருந்தபோது பழுது பார்த்தார்கள். இருபது வருசம் கழித்து எல்லாக் கம்பமும் ஒன்றாக ஆடியபோது கைக்காசும் இல்லை, குழி தோண்ட இளவட்டமும் இல்லை.

இன்னொன்று. தொலைபேசி மாடு மாதிரி இல்லை. பக்கத்து வீட்டில் மாட்டை விற்றால் என் மாட்டின் பால் குறையாது. பக்கத்து வீட்டில் தொலைபேசியைக் கழற்றினால் என் தொலைபேசியின் பயன் குறைகிறது, நான் பேச ஒரு ஆள் குறைந்தார். பராமரிப்புப் பங்கும் என் தலையில் ஏறுகிறது. அதனால் ஒரு வீடு போனால் இன்னொரு வீடு போகும். சரிய ஆரம்பித்தால் பாதியில் நிற்காது. நம் கூட்டுறவுப் பால் சங்கம், கூட்டு விற்பனை எல்லாவற்றிலும் இந்தக் குணம் கொஞ்சம் உண்டு. எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்குப் பார்க்கிறோம். விட்டுப்போனவர் ஏன் போனார் என்று அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து கேட்கிற சங்கம் குறைவு.

வேடிக்கை என்னவென்றால், மிச்சம் இருந்ததையும் கெடுத்தது இன்னொரு நல்ல காரியம். 1935-இல் கிராம மின்மய நிறுவனம் வந்தது, சுருக்கமாக ஆர்.இ.ஏ. உழவர்கள் மின் கூட்டுறவு அமைத்து அரசுக் கடனில் கம்பம் நட்டார்கள். மின்கம்பி வந்ததும் பக்கத்தில் ஓடிய பழைய ஒற்றைக் கம்பித் தொலைபேசியில் 'ங்ஙொய்ங்' என்று இரைச்சல். பூமியைத் திரும்பு பாதையாக வைத்தால் பக்கத்து மின்கம்பியின் இரைச்சலை அது வாங்கிக்கொள்ளும். வீட்டுக்கு இரண்டு கம்பி இழுத்தால் சரியாகும். காசு எங்கே?

மறுபடி எழுந்தது 1949-இல். மின்சாரத்துக்குக் கொடுத்த மாதிரியே தொலைபேசிக்கும் ஆர்.இ.ஏ. கடன் கொடுக்க வேண்டும் என்று உழவர் அமைப்புகள் கேட்டன. அலபாமாவின் லிஸ்டர் ஹில் மேலவையிலும், டெக்சாஸின் போக் கீழவையிலும் இதற்காக நின்றார்கள். அக்டோபர் 28-ஆம் தேதி ட்ரூமன் கையெழுத்துப் போட்டார். தனியார் கம்பெனிகளும் விடவில்லை. தங்களுக்கும் கடன் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அதனால் கூட்டுறவு, தனியார் இருவருமே இந்தக் கடனில் கட்டினார்கள்.

கடன் விதிமுறையைப் படித்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. வட்டி 2 விழுக்காடு, 35 ஆண்டு. போட்டுப் பாருங்கள்: ஆயிரம் ரூபாய்க்கு ஆண்டுத் தவணை 40 ரூபாய்தான், அசலும் வட்டியும் சேர்த்து. நாம் வாங்குகிற மாதிரி 8 விழுக்காட்டில் 7 ஆண்டு என்றால் அதே ஆயிரத்துக்கு ஆண்டுக்கு 192 ரூபாய். ஏறத்தாழ ஐந்து மடங்கு. அரை மைலுக்கு ஒரு வீடு என்கிற இடத்தில் 40-ஐக் கட்ட முடியும், 192-ஐக் கட்டவே முடியாது. திட்டம் நல்லதா கெட்டதா என்று பேசுகிறோம், பல நேரம் அதைத் தீர்மானிப்பது தவணைக் காலம்தான். கம்பம் முப்பது வருசம் நிற்கும், கடனை ஏழு வருசத்தில் கட்டு என்றால் என்ன நியாயம்?

அதோடு இரண்டு நிபந்தனை. ஒன்று, பகுதியில் உள்ள எல்லாருக்கும் முடிந்தவரை கொடுக்க வேண்டும். ரோட்டோரத்து வசதியான வீட்டுக்கு மட்டும் கொடுத்துவிட்டுக் கடைக்கோடியை விட்டுவிடக் கூடாது. இரண்டு, ஆர்.இ.ஏ. வகுத்த முறைப்படிதான் கணக்கு எழுத வேண்டும், அதில் தேய்மானம் உண்டு. கம்பம், கம்பி, பெட்டி எல்லாவற்றுக்கும் தரநிர்ணயம் உண்டு. பழைய சங்கங்கள் பல ஒன்றாகச் சேர்ந்து ஒரே கூட்டுறவாகின. உறுப்பினர் பணம் வசூலிக்க வீடு வீடாக நடந்தார்கள். 1950-இல் 38-ஆக இருந்தது 1959-இல் 65-ஐத் தொட்டது. அந்தக் கூட்டுறவுகளில் இருநூற்றுக்கும் மேல் இன்றும் நடக்கின்றன. பெரிய கம்பெனி எட்டிப் பார்க்காத பண்ணைகளுக்கு இன்று கண்ணாடி இழைக் கம்பியை இழுத்து இணையம் கொடுப்பது பல இடத்தில் இவர்கள்தான்.

புகழ்ந்துகொண்டே போக எனக்கு விருப்பம் இல்லை. இந்தக் கதையில் பேசுகிறவர்கள் எல்லாம் சொந்த நிலம் உள்ளவர்கள். தெற்கு மாநிலங்களில் பருத்தி விளைவித்த வாரக் குத்தகைக்காரர்கள், அதிலும் கறுப்பின மக்கள், 1920-இலும் இந்தக் கம்பிக்கு வெளியேதான் இருந்தார்கள். நிலம் இருந்தால்தான் கம்பம் வெட்ட மரம், பங்குக்குப் பணம். நம் குழுக்களிலும் பட்டா இல்லாதவரை உறுப்பினராக்கத் தயங்குகிறார்கள். பாதி வேலையை அவர்தான் செய்கிறார்.

நம் நாட்டில் நடந்தது வேறு விதம். 1984-இல் தொடங்கிய சி-டாட் நிறுவனத்தில் சாம் பிட்ரோடாவோடு இளம் பொறியாளர்கள் சேர்ந்து 128 இணைப்புள்ள கிராமத் தானியங்கி இணைப்பகத்தை உருவாக்கினார்கள். வெளிநாட்டு இணைப்பகத்துக்கு ஏ.சி. அறை வேண்டும். இதற்கு வேண்டாம். நம்ம வெயில், நம்ம தூசி, நம்ம கரண்ட் எல்லாவற்றையும் தாங்குகிற மாதிரி வடிவமைத்தது. 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதலில் வைத்தார்கள். நாட்டு ரக விதை என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதற்கு எந்திரத்தில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் கட்டியது அரசாங்கம், உழவருக்கு அதில் பங்கு இல்லை. பழுதானால் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். கிராமக் கிளையில் மேலாளராக இருந்தபோது மாதக் கணக்கில் செத்துக் கிடந்த தொலைபேசியின் மேல் நாட்காட்டியைச் சாய்த்து வைத்திருந்தேன்.

இத்தனையும் படிக்க நேர்ந்தது எங்கள் குழுவின் செக்கு விவகாரத்தால். 23 பேர் சேர்ந்து கடலை ஆட்ட மரச்செக்கு போட்டிருக்கிறோம். மோட்டார், கொட்டகை எல்லாம் சேர்த்து நாலு லட்சம். பத்து வருச ஆயுள் என்று வைத்தால் ஆண்டுக்கு 40 ஆயிரம் தேய்மானம். வருசத்துக்கு 20 ஆயிரம் கிலோ பருப்பு ஆட்டுகிறோம். அப்படியானால் கிலோவுக்கு 2 ரூபாய் தனியாக ஒதுக்க வேண்டும், அந்தக் கணக்கைத் தொடவே கூடாது என்று கூட்டத்தில் சொன்னேன். "மேனேஜருங்க, செக்கு நல்லாத்தானுங்க ஓடுது, ஓடறதுக்கு எதுக்குங்க காசு எடுத்து வெக்கோணும்?" என்றார் ஒரு பெரியவர். அவர் கேட்டதில் தப்பில்லை, இந்த வருசம் ஆட்டுக்கூலியே கட்டுபடியாகவில்லை. நான் அயோவாக் கதையைச் சொன்னேன். வேலியில் பேசினார்கள் என்றதும் எல்லாருக்கும் சிரிப்பு. கம்பம் மக்கிய இடம் வந்ததும் சத்தம் இல்லை.

பேசிப் பேசிக் கடைசியில் ஒரு ரூபாய்க்கு வந்திருக்கிறார்கள். மீதி ஒரு ரூபாயை புண்ணாக்கு விற்ற பணத்தில் எடுக்கலாமா என்று மகளிர் குழுவிலிருந்து ஒருவர் கேட்டார். நல்ல யோசனை. புண்ணாக்கை இப்போது உறுப்பினர்களே மாட்டுக்குப் பாதி விலையில் எடுத்துப் போகிறார்கள், அதை யார் விட்டுக்கொடுப்பது என்பதில் பேச்சு நிற்கிறது. ஆவணி முதல் ஞாயிறு மறுபடி கூடுகிறோம்.